பால் பத்தவில்லை என்று யார் சொன்னது?

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். அதனால் இந்த முறை தாய்ப்பால் பற்றிய கேள்விகளை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தபோது பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "எனக்குப் பால் பத்தவில்லை." அப்படி எழுதியவர்கள் எல்லாரும் தலைப்பிள்ளை பெற்றவர்கள். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் 31 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். இந்த வரியைத் தினமும் கேட்டிருக்கிறேன். உண்மையிலேயே பால் போதாத தாய்மார்களையும் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குப் பால் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: சிஸ்டருக்கு வணக்கம். ஆபரேஷன் செய்து எனக்குப் பெண் குழந்தை பிறந்து 11 நாள் ஆகிறது. பிறந்தபோது எடை 2 கிலோ 900 கிராம். முதல் இரண்டு நாள் பாலே வரவில்லை என்று பவுடர் பால் கொடுத்தார்கள். இப்போது தாய்ப்பால் மட்டும்தான். ஆனால் அரை மணி நேரம் குடித்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி அழுகிறாள். சாயங்காலம் 6 மணியிலிருந்து 10 மணி வரை மார்பை விடுவதே இல்லை. பக்கத்து வீட்டு அத்தை பாலைப் பீய்ச்சிப் பார்த்துவிட்டு, "தண்ணியா இருக்கு, பிள்ளைக்குப் பத்தல, டப்பா வாங்கு" என்கிறார். என் அம்மாவும் பயப்படுகிறார். டப்பா வாங்கலாமா?
*– ஒரு வாசகி, உசிலம்பட்டி*

பதில்: குழந்தை எப்போது அழுதாள், எவ்வளவு நேரம் குடித்தாள் என்று மணிக்கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள் தாயி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாள், வெளிக்குப் போவது என்ன நிறம், இப்போது எடை என்ன என்பது கடிதத்தில் இல்லை. அத்தையும் கேட்டிருக்க மாட்டார். பால் பத்துகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. இந்த மூன்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பிறந்த 5 நாளுக்கு மேல் ஆகிவிட்டால், 24 மணி நேரத்தில் குறைந்தது 6 தடவை துணி நனைய வேண்டும். மூத்திரம் வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் தார் மாதிரி கறுப்பாகப் போனது, மூன்றாம் நாள் பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். அப்புறம் எடை. எல்லாக் குழந்தையும் முதல் சில நாட்களில் கொஞ்சம் இளைக்கும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால்தான் கவலை. உங்கள் மகள் இடையில் 2 கிலோ 650 வரை இறங்கியிருந்தாலும், ஏறக்குறைய 14-ஆம் நாளில் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதிலிருந்து நாளைக்கு 25, 30 கிராம் ஏறும். இன்னும் மூன்று நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், உடுப்பெல்லாம் கழற்றிவிட்டு எடை போட்டுப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போதும் போடச் சொல்லலாம். டப்பா வாங்கலாமா என்பதை அந்தத் தராசு சொல்லட்டும்.

முதல் இரண்டு நாள் பால் வரவில்லை என்றது தவறு. அப்போது சுரந்தது சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் நாள் ஒரு வேளைக்குப் பிள்ளைக்குத் தேவைப்படுவதே ஒரு டீஸ்பூன் அளவுதான். கன்று பிறந்ததும் சீம்பால் குடிக்கவில்லை என்றால் நம் ஊரில் மாடு வளர்க்கிறவர் எப்படிப் பதறுவார்! அதே ஊரில் மனுஷப் பிள்ளைக்கு மட்டும் "இன்னும் பால் இறங்கல" என்று சொல்லிச் சீம்பாலைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம். தாராளமாகப் பால் இறங்குவது மூன்றாம் நாளுக்கு மேல்தான். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இன்னும் ஒரு நாள் தள்ளலாம்.

அத்தை பீய்ச்சிப் பார்த்தது முதலில் வரும் பால். அது தண்ணீராக, லேசான நீல நிறத்தில்தான் இருக்கும். மார்பு காலியாக ஆகத்தான் கொழுப்பு நிறைந்த கெட்டிப் பால் வரும். அதனால் ஒரு பக்கம் நன்றாகக் குடித்து, அவளாகவே விட்ட பிறகு மறுபக்கம் மாற்றுங்கள். தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பசிக்கத்தான் செய்யும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது பிறந்த குழந்தைக்கு இயல்பு. பவுடர் பால் குடித்த பிள்ளை மூன்று நான்கு மணி நேரம் தூங்குவதற்குக் காரணம், அது செரிக்க நேரம் பிடிக்கிறது என்பது. வயிறு நிறைந்த அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாயங்காலம் நான்கு மணி நேரம் மார்பை விடாததைப் பற்றியும் சொல்கிறேன். நிறையக் குழந்தைகள் அந்த நேரத்தில் அடுத்தடுத்துக் குடிக்கும். அது உங்கள் உடம்புக்கு அவள் கொடுக்கும் உத்தரவு. எவ்வளவு பால் வெளியே போகிறதோ அவ்வளவுதான் உடம்பு மறுபடி சுரக்கும். சாயங்காலம் ஒரு வேளை டப்பாப் பால் போனால், அந்த வேளை மார்பு காலியாகாது. இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் நிஜமாகவே பால் குறையும். அப்போது அத்தை, "நான்தான் சொன்னேனே" என்பார். வார்டில் இருந்து நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டு போனவர்கள், ஒன்றரை மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு வரும்போது பையில் புட்டியோடு வருவது இப்படித்தான். பவுடர் பாலுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குள் அந்த டப்பாவைக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் பயம்தான்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். என் தலைப்பிள்ளை பிறந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். எனக்கும் ஆபரேஷன்தான். குழந்தையைத் தனியாக வைத்துக் குளுக்கோஸ் தண்ணீர் புகட்டுவது அங்கே அப்போது வழக்கம். என் பிள்ளைக்கும் அதுதான் நடந்தது. படித்த நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளையோ மார்பருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டான். வார்டைப் பெருக்கித் துடைக்கும் ஆயாம்மா ஒருவர் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "பிள்ளையை இங்க குடு தாயி" என்று வாங்கி, அவன் துணியைக் கழற்றி, வெறும் உடம்போடு என் நெஞ்சின் மேல் கவிழ்த்துப் படுக்க வைத்து, மேலே ஒரு பழஞ்சேலையைப் போர்த்தினார். அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் இருக்கும். பிள்ளை தலையை ஆட்டி ஆட்டித் தேடினான். கையை நக்கினான். பிறகு அவனாகவே வாயைப் பெரிதாகத் திறந்து பிடித்துக்கொண்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆயாம்மா எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு, "கடைசி பஸ் போயிரும்" என்று கிளம்பிவிட்டார். தோலோடு தோல் சேர்த்து வைப்பதைப் பற்றி எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது அதற்குப் பல வருடம் கழித்துத்தான்.

நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். தையல் வலிக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுத்துக் கொடுங்கள். அல்லது உட்கார்ந்து, அவள் கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி கையிடுக்கில் குடம் இடுக்குவது போல் பிடித்துக்கொண்டால் வயிற்றில் பாரம் விழாது. 14-ஆம் நாள் எடை திரும்பவில்லை என்றால் டாக்டர் பார்த்து, கொஞ்ச நாளைக்குத் தாய்ப்பாலோடு வேறு பாலும் தேவை என்று சொல்லக்கூடும். அப்போது தயங்காமல் கொடுங்கள். அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் புட்டியில் வேண்டாம், பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டுங்கள், அதற்கு முன்னால் மார்பிலும் போடுங்கள். ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்: குழந்தை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால், பால் குடிப்பதையே நிறுத்திவிட்டால், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கியிருந்தால், உடம்பு சுட்டால் அல்லது சில்லிட்டால், 14-ஆம் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

கேள்வி: பையன் பிறந்து 5 நாள். இரண்டு காம்பும் வெடித்துவிட்டன. அவன் வாய் வைக்கும்போது உயிர் போகிறது. வலியில் கால் விரலெல்லாம் மடங்கிவிடுகிறது. நேற்றுக் கக்கியதில் ரத்தம் தெரிந்தது, பயந்துவிட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான், பொறுத்துக்கொள் என்கிறார்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?
*– ஒரு வாசகி, கோவில்பட்டி*

பதில்: பொறுக்கவே வேண்டாம். முதல் சில நாள் வாய் வைத்தவுடன் சில விநாடி கூசலாம். அதைத் தாண்டிக் குடித்து முடிக்கும்வரை வலித்தால், வெடித்தால், பிள்ளை பிடிக்கும் விதம் சரியில்லை என்று அர்த்தம். அவன் காம்பை மட்டும் பிடித்துச் சப்புகிறான். பால் காம்பில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. காம்பைச் சுற்றியிருக்கும் கறுப்பு வட்டத்தில் பெரும்பகுதி அவன் வாய்க்குள் போக வேண்டும்.

கக்கியதில் இருந்த ரத்தம் பெரும்பாலும் உங்கள் வெடிப்பிலிருந்து அவன் விழுங்கியதுதான். அது அவனை ஒன்றும் செய்யாது. காம்பு ஆறிய பிறகும் ரத்தம் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது சொல்வதை, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லிச் செய்யுங்கள். முதலில் நீங்கள் சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். மடியில் தலையணை. பையனைக் குனிந்து போய்க் கொடுக்காதீர்கள், அவனை உங்களிடம் கொண்டுவாருங்கள். அவன் முழு உடம்பும் உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அவன் வயிறு உங்கள் வயிற்றில் ஒட்டியிருக்க, காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மல்லாந்து கிடந்து கழுத்தை மட்டும் திருப்பிக் குடிக்க நம்மாலேயே முடியாது. அவன் மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். காம்பால் அவன் மேலுதட்டை மெல்லத் தடவுங்கள். வாயை லேசாகத் திறப்பான், அப்போது கொடுக்காதீர்கள். கொட்டாவி விடுவது போல் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருங்கள். திறந்தவுடன் தலையைப் பிடித்து அழுத்தாமல், முதுகையும் தோளையும் தாங்கியபடி சட்டென்று அருகில் இழுங்கள். தாடைதான் முதலில் மார்பைத் தொட வேண்டும்.

சரியாகப் பிடித்திருந்தால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும். கன்னம் குழி விழாமல் உருண்டையாக இருக்கும். கறுப்பு வட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே அநேகமாகத் தெரியாது. முதலில் வேகமாகச் சப்புவான். பால் இறங்கியதும் வேகம் குறைந்து, ஒரு சப்பு, ஒரு சின்ன நிறுத்தம், ஒரு முழுங்கு என்று நிதானமாகிவிடும். அந்த 'க்க' என்ற முழுங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'டக் டக்' என்று நாக்குச் சத்தம் வந்தால் பிடி விட்டுப்போகிறது. அப்படியே இழுக்காமல், உங்கள் சுண்டு விரலை அவன் வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஐந்து தடவை ஆனாலும் சரி, பத்துத் தடவை ஆனாலும் சரி. இரண்டு நாளில் அவனும் கற்றுக்கொள்வான், நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்.

குடித்து முடித்ததும் கடைசியாக வரும் கெட்டிப் பாலில் இரண்டு சொட்டு எடுத்துக் காம்பில் தடவிக் காற்றில் காய விடுங்கள். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், அது இன்னும் உலர்த்தி வெடிக்க வைக்கும். வலி குறைவான பக்கத்தில் முதலில் கொடுங்கள். வலிக்குப் பயந்து கொடுக்காமல் விட்டால் பால் கட்டிக்கொள்ளும். மார்பு இறுகிவிட்டது என்றால், இளஞ்சூட்டுத் துணியை ஐந்து நிமிஷம் வைத்து, கொஞ்சம் பாலைக் கையால் பீய்ச்சி வட்டத்தைத் தளர்த்திவிட்டு வாயில் கொடுங்கள். கொடுத்த பிறகு குளிர்ந்த துணி வைத்தால் வலி அடங்கும். ஒரு இடம் மட்டும் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். மருந்து சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பக்கமும் பால் கொடுக்கலாம், கொடுப்பதுதான் நல்லது.

கேள்வி: நான் பாட்டியாகி மூன்று மாதம் ஆகிறது. கத்திரி வெயிலில் பேரன் பிறந்தான். எங்கள் வழக்கப்படி, பெரியவர் ஒருவர் கையால் சீனித் தண்ணீரும் தேனும் நாக்கில் தொட்டுச் சேனை வைக்க மருமகள் விடவில்லை. இப்போதும் வெயில் குறையவில்லை, ஒரு சங்கு தண்ணீர் கொடுக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறாள். நாங்கள் வளர்த்த பிள்ளைகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?
*– ஒரு வாசகி, விருதுநகர்*

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. சேனை வைப்பது நல்ல குணம் உள்ள பெரியவர் ஒருவரின் குணம் பிள்ளைக்கு வர வேண்டும் என்ற ஆசையில்தான். எங்கள் குடும்பத்திலும் உண்டு. ஆனால் அந்தச் சீனித் தண்ணீரும் தேனும் போகும் வயிறு, கிருமியைச் சமாளிக்க இன்னும் பழகாத வயிறு. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்கும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சாகி, தசையெல்லாம் துவண்டு, மூச்சு வாங்குவதற்கே கஷ்டப்படும். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத அதே தேன்தான். கழுதைப் பாலும் அப்படித்தான், தெருவில் கறந்த பச்சைப் பால். முதலில் பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டியது சீம்பால். அதுவும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்.

இனி அடுத்த பேரப்பிள்ளை பிறந்தால், அந்தப் பெரியவரை முதலில் பிள்ளையைக் கையில் வாங்கச் சொல்லுங்கள். காதருகே நல்ல வார்த்தை சொல்லி ஆசீர்வதிக்கட்டும். நான் வார்டில் பல குடும்பங்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூட வருத்தப்படவில்லை.

தண்ணீரைப் பற்றி: தாய்ப்பாலில் 100-க்கு 87, 88 பங்கு தண்ணீர்தான் அம்மா. விருதுநகர் வெயிலுக்கும் அது போதும். தாகம் எடுத்தால் பிள்ளை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். ஒரு சங்கு தண்ணீர் உள்ளே போனால் ஒரு சங்கு பால் குறையும், அதோடு பேதிக்கும் வழி. 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு போன்ற மருந்துகள் மட்டும் கொடுக்கலாம். வசம்பு, உரைமருந்து, கிரைப் வாட்டர் மூன்றையும் தள்ளி வையுங்கள். தண்ணீரை மருமகளுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு தடவை அவள் பால் கொடுக்க உட்காரும்போதும் ஒரு செம்பு. நீங்கள் பிள்ளை வளர்த்தது நன்றாகத்தான் வளர்த்தீர்கள், அதில் சந்தேகமே இல்லை. உங்கள் காலத்தில் தெரியாத ஒன்று இப்போது தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: பத்தியம் என்ற பெயரில் பூண்டும் கருவாடும் மட்டும்தான். தண்ணீர்கூட அளந்துதான் தருகிறார்கள், வயிறு போட்டுவிடுமாம். தலையில் மல்லிகைப் பூ வைத்தால் பால் வற்றிவிடும் என்கிறார்களே, உண்மையா?
*– ஒரு வாசகி, நாகப்பட்டினம்*

பதில்: தண்ணீரை அளப்பது தவறு. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். வயிறு போடுவதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை. பூண்டு, பால் சுறாப் புட்டு, முருங்கைக் கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். உங்கள் ஊர்ச் சுறாப் புட்டு எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் பால் சுரக்க வைப்பது சுறா இல்லை, பிள்ளை சப்புவதுதான். பால் கொடுக்கும் முதல் 6 மாதம் நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாக வேண்டும். அதாவது வழக்கமான சாப்பாட்டோடு இன்னொரு வேளைச் சாப்பாடு. பருப்பு, முட்டை, காய், பழம் எதையும் ஒதுக்க வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும், அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

மல்லிகை விஷயத்தில் பாட்டிமார்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. குழந்தையை இழந்த தாய்மார்களுக்குப் பால் வற்ற, மல்லிகைச் சரத்தை மார்பில் ஒட்டி வைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இதை முறையாகச் சோதித்தார்கள். சுரப்பு குறைந்தது என்று 1988-இல் அந்த ஆய்வு வெளியானது. ஆனால் அது மார்பிலேயே ஒட்டி வைத்த பூ. தலையில் ஒரு முழம் வைத்ததால் பால் வற்றிய ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆசையாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குச் சளி, காய்ச்சல். பால் கொடுக்கலாமா?
*– ஒரு வாசகி, திண்டுக்கல்*

பதில்: கொடுங்கள். அந்தக் கிருமிக்கு எதிராக உங்கள் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புச் சக்தி பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுக் கொடுங்கள். எந்த மாத்திரை வாங்கினாலும் பால் கொடுக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. விடுப்பு முடியும்போது மகளுக்கு ஐந்தரை மாதம் இருக்கும். அதற்குள் புட்டிக்குப் பழக்கிவிடு என்கிறார்கள். பாலை எடுத்து வைத்துவிட்டுப் போக முடியுமா? எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும்?
*– ஒரு வாசகி, திருப்பூர்*

பதில்: தாராளமாக முடியும். வேலைக்குச் சேர இரண்டு வாரம் இருக்கும்போதே பழகத் தொடங்குங்கள். காலையில் மார்பு நிறைந்திருக்கும் நேரம் நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்து எடுத்த எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வட்டத்துக்குச் சற்று வெளியே மேலே கட்டை விரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலில் விரல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, காம்பை இழுக்கவும் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிஷம் ஒன்றும் வராது. பிறகு சொட்டும், அப்புறம் பீறிட்டு அடிக்கும். முதல் நாள் ஒரு கரண்டிதான் வந்தது என்று மனம் விட்டுவிடாதீர்கள்.

நம் ஊர்ச் சூட்டில் வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் உள்பக்கத் தட்டில் 24 மணி நேரம் வைக்கலாம். கதவில் வைக்காதீர்கள், கரன்ட் அடிக்கடி போகும் வீடென்றால் அதையும் நினைவில் வையுங்கள். அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும். கொழுப்பு மேலே தனியாகப் பிரிந்து நிற்கும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், மெல்லச் சுழற்றினால் சேர்ந்துவிடும். புகட்டிய மீதியை மறுபடி வைக்காதீர்கள். புட்டி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், ரப்பரிலிருந்து சுலபமாக வரும் பாலுக்குப் பழகினால் சில பிள்ளைகள் மார்பில் முயற்சி செய்ய மறுக்கும். அதோடு புட்டியின் கழுத்தில் ஒட்டியதைச் சுத்தம் செய்வது சாமானியம் இல்லை. உங்கள் பாட்டி வீட்டுப் பரணில் பாலாடையோ சங்கோ நிச்சயம் இருக்கும். ஒரு தேய்ப்பு, ஒரு கொதி, சுத்தமாகிவிடும்.

அலுவலகத்தில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. 26 வார விடுப்பு 2017-இல் வந்தது. அது எல்லாருக்கும் தெரிகிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பால் கொடுப்பதற்கென்று நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு என்பது 1961-ஆம் வருடச் சட்டத்திலேயே இருந்தது. அது நிறையப் பேருக்குத் தெரியாது. 50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். வேலையில் சேரும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். அந்த இடைவேளையில் கதவு சாத்தக்கூடிய ஒரு அறையில் பாலை எடுங்கள். எடுக்காமல் விட்டால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். ஊருக்குப் போகும்போது பஸ் நிலையங்களில் 2015-இலிருந்து தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது. சில ஊர்களில் அதைப் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: சிஸ்டர், நான் கணவன் எழுதுகிறேன். மகன் பிறந்து 9 நாள். வேலை காரணமாக நாங்கள் தனியாக இருக்கிறோம், மாமியார் ஊருக்குத் திரும்பிவிட்டார். ராத்திரி 2 மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே என் மனைவி அழுகிறாள். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்கிறாள். ராத்திரிக்கு மட்டும் பவுடர் பால் கொடுத்து அவளைத் தூங்க விடலாமா?
*– ஒரு வாசகர், ஓசூர்*

பதில்: தம்பி, நீங்கள் எழுதியது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையத் தாய்மார்களுக்கு நடக்கும். உடம்புக்குள் ஹார்மோன் தலைகீழாக மாறுகிற நேரம், தூக்கமும் இல்லை. "ஏன் அழுகிறாய்" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் அவளைத் தனியாக விடாமல் உடனே கூட்டிப் போங்கள். 14416 மனநல உதவி எண்ணில் ராத்திரியிலும் பேசலாம். இது வியாதி, மருந்து உண்டு, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்தும் உண்டு.

ராத்திரிப் பாலை இப்போது நிறுத்த வேண்டாம். பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். ராத்திரியில் அவளுக்குப் பால் கொடுக்கிற வேலை மட்டும் இருக்கட்டும். மீதி எல்லாம் உங்கள் வேலை. பிள்ளை அசைந்து, கையை வாயில் வைத்து நக்கத் தொடங்கியதுமே தூக்கிக் கொண்டுவந்து கொடுங்கள். அழும்வரை விட்டால் பிடிக்க வைப்பது கஷ்டம். குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் உங்களால் முடியும். பகலில் அவள் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க வேண்டும். அப்போது பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்புங்கள்.

இன்று ராத்திரி அவள் உட்காரும் இடத்தில் ஒரு செம்பு தண்ணீர், இரண்டு வாழைப்பழம், முதுகுக்கு ஒரு தலையணை, மடிக்கு ஒரு தலையணை வையுங்கள். ஒரு நோட்டு எடுத்து, பிள்ளை எத்தனை தடவை குடித்தான், எத்தனை துணி நனைந்தது என்று நீங்கள் குறித்து வையுங்கள். இன்னும் ஐந்து நாளில் 14-ஆம் நாள் வரும். எடை போட்டதும், நோட்டில் இருப்பதோடு சேர்த்து எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.